அடித்துவிட்டு ஓடும் படைக்குச் சோறு போட்டது யார்?

கோலாலம்பூர்த் தமிழ் மக்கள் அனைவருக்கும் வணக்கம். குதிரை வீரர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் அவர்களின் சாப்பாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன்.

கி.மு. 53, இன்றைய துருக்கியில் உள்ள கார்ரே போர்க்களம். ரோமானியத் தளபதி கிராசஸின் ஏழு லெஜியன்களை, அதாவது பெரிய படைப்பிரிவுகளை, பழைய ஈரானை ஆண்ட பார்த்தியரின் குதிரை வில்லாளிகள் சூழ்ந்துகொண்டார்கள். நெருங்கினால் ஓடுவார்கள், ஓடிக்கொண்டே திரும்பி எய்வார்கள். அம்பு தீரட்டும் என்று ரோமானியர் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். தீரவே இல்லை. பார்த்தியத் தளபதி சுரேனா ஒட்டகங்களில் அம்பு ஏற்றிக் கொண்டுவந்திருந்தான். எல்லோரும் வில்லாளியைப் புகழ்கிறார்கள். நான் ஒட்டகக்காரனைத்தான் முதலில் சொல்வேன்.

நம் செஞ்சியிலும் இதே கதைதான். 1690இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் கோட்டையை முற்றுகையிட்டார். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். வெளியே சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் இருவரின் குதிரைப்படை சுற்றிச் சுற்றி வந்து முகலாயருக்கு வரும் தானியத்தை மறித்தது. முற்றுகை போட்டவர்களே பட்டினி கிடந்தார்கள். 1693 தொடக்கத்தில் சுல்பிகார் கான் வந்தவாசிக்குப் பின்வாங்கினார். கோட்டை விழ 1698 ஆனது.

சரி, மலாயாவுக்கு வருவோம். 1948இல் அவசரகாலம், பிரிட்டிஷ் ஆட்சிக்கும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கும் நடந்த சண்டை. குதிரை கிடையாது, காடு இருந்தது. 1951 அக்டோபர் 6ஆம் தேதி, பிரேசர் மலைக்கு ஏறும் சாலையில் பதுங்கியிருந்து பிரிட்டிஷ் ஹைகமிஷனர் ஹென்றி கர்னியையே கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் முந்தைய ஆண்டே பிரிக்ஸ் திட்டம் தொடங்கிவிட்டது. கெரில்லாவைக் காட்டுக்குள் துரத்துவதைவிட, அவனுக்கு அரிசி போகும் வழியை அடைப்பது. சுமார் 5 லட்சம் பேரைப் புதுக்கிராமங்களுக்குப் பெயர்த்தார்கள். பெரும்பாலோர் காட்டோரத்துச் சீனர்கள். ரப்பர் தோட்டங்களில் நம்மவர்களின் லயங்களையும், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளையும், ஓரிடத்தில் சேர்த்துக் கம்பி வேலி போட்டார்கள். பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர்ப் பால் எடுக்கப் போகிறவர்களை வாசலிலேயே சோதித்தார்கள். கடையில் டின் உணவை ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள், பதுக்கி வைக்க முடியாதபடி. சில இடங்களில் அரிசியே கையில் கிடையாது. பொது அடுப்பில் வெந்த சோறுதான். சோறு சீக்கிரம் கெட்டுவிடும், காட்டுக்குள் சேர்த்து வைக்க முடியாது.

ராணுவப் பாடங்களில் இதை வெற்றி என்கிறார்கள். வெற்றிதான், மறுக்கவில்லை. அதற்காகத் தினமும் சோற்றுத் தூக்கைத் திறந்து காட்டியவர்கள் பால்மரம் வெட்டியவர்கள். அந்தப் பாடங்களில் அவர்களுக்கு ஒரு பக்கம்கூட இல்லாதது எனக்குப் பொறுக்கவில்லை. இங்கே முன்வரிசையில் அந்தக் காலத்தைப் பார்த்த ஐயாக்கள், அம்மாக்கள் இருக்கிறீர்கள். மைக்கை உங்களிடம் தருகிறேன், சொல்லுங்கள். இளைஞர்கள் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.