அவிழ்க்காத சீலை

அன்புக்குரியவர்களே,

இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதைச் சொல்லும் யோவான் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தைப் பெரிய வியாழன்தோறும் கேட்கிறோம். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதாலேயே அது நம்மைச் சுடுவதில்லை.

கடைசி இராப்போஜனத்தின்போதுதான் ‘நம்மில் யார் பெரியவன்?’ என்று சீஷர்கள் வாதாடினார்கள். லூக்கா அதை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். புழுதிக் கால்களைக் கழுவுவது அன்று வீட்டு அடிமையின் வேலை. தண்ணீர் இருந்தது, பாத்திரம் இருந்தது. குனியத்தான் ஆள் இல்லை. இயேசு எழுந்தார், மேலாடையைக் கழற்றிவைத்தார், கால் துடைக்க ஒரு சீலையை அரையில் கட்டிக்கொண்டார், சீஷர்களின் கால்களைக் கழுவத் தொடங்கினார்.

தம் கால்களைக் கழுவ வந்தபோது பேதுரு தடுத்தார். அவரை நான் குறைசொல்லமாட்டேன். பிறர் நமக்குச் செய்வதை ஏற்றுக்கொள்வதற்கும் தாழ்மை வேண்டும்.

என்னை நிறுத்திவைப்பது, இயேசுவைக் காட்டிக்கொடுக்கப்போகும் யூதாஸின் கால்கள். அவன் இன்னும் வெளியே போகவில்லை. அவன் மனதில் இருப்பது தெரிந்தேதான் இயேசு அவன் கால்களையும் கழுவினார். சற்று நேரத்தில் ஒரு சங்கீத வசனத்தைச் சொல்கிறார்: தன்னோடு அப்பம் புசிக்கிறவன் தன்மேல் குதிகாலைத் தூக்கினான் என்று. எந்தக் குதிகால்? அவரே கழுவித் துடைத்த குதிகால்! கைகளில் ஈரம்கூடக் காய்ந்திருக்காது. நம்மை எதிர்த்து வாக்களித்தவருடைய கால் நம் முன்னே நீளும்போது நாம் என்ன செய்கிறோம்?

‘ஊழியம்’ என்ற சொல்லையும் யோசியுங்கள். கூலியில்லாத கட்டாய வேலை என்றும் அதற்குப் பொருள் உண்டு. அப்படிப்பட்ட சொல்லை மாலையும் முன்வரிசை நாற்காலியும் தேடித்தரும் பட்டமாக மாற்றிவிட்டோம். இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

இயேசு தலைமையைத் துறக்கவில்லை. “நீங்கள் என்னைப் போதகர் என்றும் ஆண்டவர் என்றும் சொல்வது சரியே” என்றுதான் சொன்னார். மேலாடையை மறுபடி உடுத்திக்கொண்டதாக யோவான் எழுதுகிறார். சீலையை அவிழ்த்ததாக எழுதவில்லை.

அந்தச் சீலையோடு 1873-இல் ஹவாயின் மொலோக்காய் தீவுக்குப் போனவர் தமியான் அடிகளார். தொழுநோயாளிகளை ஒதுக்கிவைத்திருந்த இடம் அது. அவர்களுடைய புண்களுக்குக் கட்டுப்போட்டார். இறந்தவர்களுக்குத் தம் கையாலேயே சவப்பெட்டி செய்தார், குழியும் வெட்டினார். பிறகு அந்த நோய் அவரையும் பற்றியது. தீவைவிட்டு அவர் போய்விடவில்லை. 1889 ஏப்ரலில், தாம் கழுவிக் கட்டிய அதே புண்களோடு, அவர்கள் நடுவிலேயே கண்மூடினார்.