புறாவுக்கு 35, எலிக்கு 4

வணக்கம் நேயர்களே. மதுரையில் மகால் பக்கம் குடியிருக்கிறேன், காலையில் கண் விழிப்பதே புறாச் சத்தத்தில்தான். அப்பா மொட்டை மாடியில் கர்ணப் புறா வளர்த்தார். அதில் ஒரு சாம்பல் ஆண்புறா, நான் ஐந்தாம் வகுப்பு படிக்கையில் வந்தது, கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் கம்புக்காக என் கையைக் கொத்திக்கொண்டிருந்தது. எலியோ கீழமாசி வீதி மளிகைக் கிட்டங்கியில் எவ்வளவு தின்று கொழுத்தாலும் மூன்று, மிஞ்சிப் போனால் நான்கு வருடம். தராசில் வைத்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே எடை. புறா 35 வருடம் வரைகூட இருக்கும்.

செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவை ஓர் அடுப்பு என்று வையுங்கள். தின்ற சோற்றையும் இழுத்த மூச்சையும் சேர்த்துச் சக்தியாக்குகிறது. அடுப்பென்றால் புகையும், இதன் புகைக்கு ஃப்ரீ ராடிக்கல் என்று பேர். அதுதான் நம்மை மூப்படைய வைக்கிறது என்று 1956-இல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி சொன்னார். அப்படியானால் சிறகடித்துச் சிறகடித்து எலியைவிட அதிகமாக எரிக்கும் புறா முதலில் சாக வேண்டுமே? அளந்து பார்த்தார்கள். புறாவின் அடுப்பு அவ்வளவு எரிந்தும் குறைவாகவே புகைகிறது.

ஆனால் புகை மட்டுமே காரணமில்லை. மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியாக 37 மரபணுக்கள் உண்டு, அம்மா வழியில் வருபவை. 2004-இல் சுவீடனில் அவற்றைப் பிழையோடு நகலெடுக்கும்படி சுண்டெலிகளை உருவாக்கினார்கள். ஆறு மாதத்திலேயே முடி கொட்டி முதுகு வளைந்தது, ஒரு வருடத்தை ஒட்டிச் செத்தன. பிறகு சோதித்தால், புகை அதிகரிக்கவே இல்லை!

சரி, இந்தப் புகையை அடக்க மாத்திரை போட்டால்? வண்டியூர் தெப்பக்குளத்தை என்னோடு சுற்றி நடக்கும் நண்பர், நடை முடிந்ததும் விளம்பரம் பார்த்து வாங்கிய வைட்டமின் மாத்திரையைப் பருத்திப்பாலோடு விழுங்குவார். 2009-இல் ஜெர்மனியில் உடற்பயிற்சி செய்த இளைஞர்களில் பாதிப் பேருக்கு வைட்டமின் சி, ஈ மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை போடாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்தது, போட்டவர்களுக்கு அந்தப் பலனே கிடைக்கவில்லை. கொஞ்சம் புகை பட்டால்தான் செல் உஷாராகிறது. இதைச் சொன்னதும் அவர் நின்றுவிட்டார். (மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை யாரும் நிறுத்திவிடாதீர்கள், அது வேறு.)

மறுநாள் மாத்திரை அட்டையைக் கொண்டுவரவில்லை. "பருத்திப்பால் குடிக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார்.