ஓலை, உடைமுள், நாலு புளியங்கொட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளை ஓரிரவு முகாமுக்கு அழைத்துப் போகிறவர்கள் இப்போது நிறையப் பேர். மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் புறப்படும்போது வண்ணக் காகிதம், பசை, ஜிகினா என்று ஒரு பை நிறையக் கட்டிக்கொண்டு போகிறார்கள். முதல் வருஷம் நானும் அப்படித்தான் போனேன். வேம்பார் பக்கம் ஒரு பனங்காடு, பதினெட்டுப் பிள்ளைகள். பையைப் பிரித்ததும் கடல்காற்று காகிதத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டது. தேடிப் பொறுக்கவே அரை மணி நேரம் ஆனது. தலைக்கு மேல் ஓலை சலசலக்கிறது, நாலு எட்டு வைத்தால் உடை என்கிற முள்மரம், பக்கத்துக் கரிசலில் அறுத்துப் போட்ட சோளத்தட்டை. செய்வதற்கு வேண்டியதெல்லாம் அங்கேயே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இப்போது ஒரு கத்தி, கொஞ்சம் சணல், ஒரு ஈரத்துணி, இவ்வளவுதான் எடுத்துப் போகிறேன். கத்தி பெரியவர்கள் கையில்தான் இருக்கும்.

முதலில் காற்றாடி. ஓலை கேட்டபோது அங்கே பனையேறும் அண்ணாச்சி, "குருத்துல கை வைக்காதீங்கய்யா, சாரோலை போதும்" என்று சொல்லி, விரிந்த பச்சை ஓலையோடு ஒரு மட்டையை வெட்டிப் போட்டார். மட்டையின் இரண்டு ஓரமும் கருக்கு, ரம்பம் மாதிரி அறுத்துவிடும். அதைச் சீவி எறிந்த பிறகுதான் பிள்ளைகளைக் கிட்டே விட வேண்டும். ஓலை காய்ந்தால் மடக்கும்போது வெடிக்கும், அதனால் ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். ஈர்க்கை உரித்துவிட்டு, விரல் அகலத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்து, நடுவில் உடைமுள்ளால் ஒரு ஓட்டை. முள்ளை ஓலை வழியாகச் செருகி, சோளத்தட்டையின் நுனியில் குத்தி நிறுத்தினால் ஆயிற்று.

ஆனால் சுற்றாது. பிள்ளைகள் ஊதுவார்கள், ஓடுவார்கள், அப்போதும் சுற்றாது. இந்த இடத்தில் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். ஓட்டை இறுக்கமாக இருக்கிறது என்று ஒரு பையன் கண்டுபிடிப்பான், முள்ளைத் திருகி ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்குவான். ஓலை ஆடும், சுற்றாது. அப்புறம் யாராவது நுனியை முறுக்கிப் பார்ப்பார்கள். இரண்டு நுனியையும் ஒரே பக்கம் சாய்த்தாலும் நின்றுவிடும். ஒரு நுனியின் மேல் விளிம்பு காற்றைப் பார்த்து முன்னால் சாய வேண்டும், மறு நுனியின் மேல் விளிம்பு பின்னால் சாய வேண்டும். அப்போதுதான் காற்று ஒன்றை மேலே தள்ளும், மற்றதைக் கீழே தள்ளும். போன தடவை ஏழு வயதுப் பெண் ஒருத்தி முக்கால் மணி நேரம் இதோடு உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா, "கொடு, நான் பண்ணித் தாரேன்" என்று இரண்டு முறை கேட்டார். அவள் கொடுக்கவில்லை. சுற்றியதும் கத்தக்கூட இல்லை, முறுக்கை மாற்றி எதிர்ப்பக்கம் சுற்ற வைக்க முடியுமா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

மே மாதம் என்றால் நுங்கு இருக்கும். கண்களை நோண்டித் தின்ற பிறகு கூட்டை எறிய வேண்டாம். இரண்டு கூட்டை ஒரு குச்சியின் இரு முனையில் செருகி, கவட்டைக் குச்சியால் தள்ளினால் வண்டி. இதற்கு என் விளக்கம் எதுவும் தேவையில்லை. பனை இல்லாத ஊரில் பூவரசு இருக்கும். இலையைச் சுருட்டி ஒரு முனையை லேசாக நசுக்கி ஊதினால் பீப்பி.

சில விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். குன்றிமணி சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும், மாலை கோக்கத் தோன்றும். வேண்டவே வேண்டாம். ஓடு உடைந்தோ ஓட்டை போட்டோ வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். காட்டாமணக்குக் காம்பை ஒடித்துக் குமிழி ஊதி நாம் விளையாடியிருக்கிறோம். அதன் கொட்டை விஷம் என்பதால் நான் இப்போது அதைக் கற்றுத் தருவதில்லை. முகாம் ஏதாவது சரணாலயத்துக்குள் என்றால், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது. அங்கே பார்ப்பதோடு சரி. செய்வதற்குக் கண்மாய்க்கரையும் தோப்பும் போதும், அதுவும் உடையவரைக் கேட்டுவிட்டு.

இருட்டிய பிறகு புளியங்கொட்டை. ஆளுக்கு நாலு கொடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் கல்லில் உரைக்கச் சொல்லுங்கள். கறுந்தோல் போய் வெள்ளை தெரிய வேண்டும். உரைக்க உரைக்கச் சூடு ஏறும், அதைப் பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்து அலற விடாத பிள்ளை கிடையாது. மணலில் கட்டம் கிழித்து, கூழாங்கல்லும் குச்சியும் காய். நாலில் ஒன்று மட்டும் வெள்ளையாக விழுந்தால் தாயம்.

போன தடவை கிளம்பும்போது காற்றாடிகளைப் பனை மூட்டில் குத்தி வைத்துவிட்டு, நுங்கு வண்டிகளை ஆட்டுக்குப் போட்டுவிட்டு வந்தோம். புளியங்கொட்டையை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள். வழி நெடுக பஸ்ஸின் கடைசி சீட்டில் தாயம் உருண்டுகொண்டே இருந்தது.

நன்றி, வணக்கம்.