சகேயுவின் இரண்டு கணக்குகள்

நேயர்கள் அனைவருக்கும் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.

லூக்கா 19ஆம் அதிகாரம், 8ஆம் வசனம். ஏழைகளுக்குத் தன் ஆஸ்தியில் பாதியைக் "கொடுக்கிறேன்" என்கிறான், வரி வசூலிப்பவர்களின் தலைவனான சகேயு. அதோடு நிறுத்தவில்லை. அநியாயமாய் வாங்கினது உண்டானால் "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்கிறான்; அதாவது நான்கு மடங்காக. கொடுப்பது வேறு, திரும்பச் செலுத்துவது வேறு. தர்மத்துக்கு ஒரு கணக்கு, கடனுக்கு ஒரு கணக்கு. நாம் சறுக்குவது இங்கேதான். ஒருவரை ஏமாற்றிய விஷயம் மனசை உறுத்தினால், காணிக்கைப் பையில் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுகிறோம். ஏமாந்தவர் கைக்கு ஒரு காசும் போயிருக்காது.

திருடிய ஆட்டைக் கொன்றுவிட்டால் ஒன்றுக்கு நான்கு என்பது யாத்திராகமம் 22. தானே குற்றத்தை அறிக்கையிடுகிறவனுக்கோ எண்ணாகமம் 5 கேட்பது, முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும்தான். நூறு எடுத்தவன் நூற்றிருபது கொடுக்க வேண்டும். தானாக முன்வந்த சகேயு, திருடனுக்குரிய அளவைத் தனக்கே வைத்துக்கொள்கிறான். இதைச் செய்து அவன் இரட்சிப்பை வாங்கவில்லை. "உன் வீட்டில் தங்கவேண்டும்" என்று ஆண்டவர் சொன்னது 5ஆம் வசனத்திலேயே வந்துவிட்டது.

சரி, எப்படிச் செய்வது? முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: யாருக்கு, என்ன, எவ்வளவு. லேவியராகமம் 6 தரும் பட்டியல் இதற்கு உதவும்: நம்பி ஒப்படைக்கப்பட்டது, பறித்தது, கண்டெடுத்து மறைத்தது. தொகை சரியாக நினைவில்லையா? அவர் பக்கம் கூடுதலாக வருகிற மாதிரி கணக்கிடுங்கள். மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் தேதியோடு தவணை சொல்லுங்கள். "சீக்கிரம் தருகிறேன்" என்பது தவணை ஆகாது.

நேரில் போகும்போது பேச்சு சுருக்கமாக இருக்கட்டும். "இன்ன பொருளை எடுத்தேன். தவறு என்னுடையது. இதோ." அடுத்து வாயில் "ஆனால்" வரும்; அதை விழுங்கிவிடுங்கள். "ஆனால் அப்போது என் நிலைமை..." என்று ஆரம்பித்தால், நஷ்டப்பட்டவரே உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வரும். "மன்னித்துவிட்டீர்களா?" என்று அங்கேயே பதிலுக்கு நிற்பதும் வேண்டாம். அவருக்கு நேரம் தேவைப்படலாம்.

பணத்தைவிடக் கஷ்டமானது பேரைக் கெடுத்தது. பத்துப் பேர் முன்னால் ஒருவரைப் பற்றிப் பொய் சொல்லிவிட்டு, அவரிடம் மட்டும் தனியாக மன்னிப்புக் கேட்டால் அந்தப் பத்துப் பேர் காதில் பொய் அப்படியே இருக்கும். அதே பத்துப் பேரிடம் போய், "நான் சொன்னது உண்மையில்லை" என்று சொல்லியாக வேண்டும்.

ஆளே இப்போது உயிரோடு இல்லையென்றால்? எண்ணாகமம் 5:8 அதையும் சொல்கிறது. இனத்தானிடம், அதாவது அவருடைய நெருங்கிய உறவினரிடம், சேர்க்க வேண்டும்; வாங்கிக்கொள்ள இனத்தானும் இல்லையென்றால்தான் அது கர்த்தருக்கென்று ஆசாரியனைச் சேரும். ஆகவே காணிக்கைப் பையைத் தேடுமுன் அவருடைய பிள்ளைகளை, உடன்பிறந்தவர்களை விசாரியுங்கள்.