வண்ணக் குழாயை விடுங்க, இந்த 10 டன் இரும்புக் கையைப் பாருங்க! | பாரிஸ் பொம்பிடு மையம்

[திரையில்: நீலம், பச்சை, மஞ்சள் குழாய்கள் ஓடுற கட்டடத்தோட கிழக்குப் பக்கம்]

166 மீட்டர் நீளம், 48 மீட்டர் அகலம். இவ்வளவு பெரிய தளத்துல நடுவுல ஒரு தூண்கூட கிடையாது. அப்படி ஒண்ணு மேல ஒண்ணா பல தளம், ஒவ்வொண்ணும் 7 மீட்டர் உயரம். பாரம் எல்லாம் எங்கே போகுது?

பாரிஸ்ல இருக்கிற கலை மையமான பொம்பிடு மையம்னாலே எல்லாரும் கலர் குழாயைத்தான் காட்டுவாங்க. நாங்களும் தம்ப்நெயில்ல அதைத்தான் வெச்சிருக்கோம், கிளிக் வேணுமே! ஆனா உண்மையான ஹீரோ குழாய் இல்ல.

முன்கதை, வேகமா. 1971ல உலகளாவிய போட்டி, 681 வடிவமைப்பு வந்துச்சு. ஜெயிச்சது ரென்சோ பியானோ, ரிச்சர்ட் ரோஜர்ஸ், ஜான்பிராங்கோ பிராங்கினின்னு மூணு கட்டடக் கலைஞர்கள். பியானோவுக்கு அப்போ 33 வயசு, ரோஜர்ஸுக்கு 37. பொறியியல் ஓவ் அரூப் நிறுவனம். திறப்பு 1977 ஜனவரி 31. அவ்வளவுதான், விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: குறுக்குவெட்டுப் படம்]

நூலகம், நவீன ஓவிய அருங்காட்சியகம், கண்காட்சிக் கூடம், சினிமா அரங்கு, எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே வேணும். நாளைக்கு எது எங்கே இருக்கும்னு யாருக்கும் தெரியாது. அதனால உள்ளே தூணும் வேண்டாம், படிக்கட்டும் வேண்டாம், ஏசி டக்ட்டும் வேண்டாம், எல்லாத்தையும் வெளியே தள்ளுன்னு முடிவு பண்ணாங்க. சொல்றது சுலபம். 48 மீட்டர் தாண்டுற ட்ரஸ்ஸை, அதாவது கம்பிகளை முக்கோணமா பின்னின எஃகு உத்திரத்தை, நேரா தூணோட இறுக்கிக் கட்டினா, ட்ரஸ் வளையும்போது தூணையும் சேர்த்து வளைக்கும். அதைத் தாங்கத் தூண் பருத்துக்கிட்டே போகும்.

இங்கேதான் கெர்பரெட் வருது. வார்ப்பு எஃகுல செஞ்ச ஒரு கை. சுமார் 8 மீட்டர் நீளம், சுமார் 10 டன் எடை. கிணத்து ஏத்தம் பார்த்திருக்கீங்களா? அதே சூட்சுமம்தான். தூண் ஏத்தக்கால். அது மேல இந்தக் கை ஒரு பின்ல, அதாவது அச்சாணியில, உட்காருது. தூணிலேர்ந்து உள்பக்கம் 1.6 மீட்டர், அந்த முனையில ட்ரஸ் தொங்குது. வெளிப்பக்கம் 6 மீட்டர், அந்த முனையை ஒரு எஃகுக் கம்பி கீழே தரையோட இழுத்துப் பிடிச்சிருக்கு.

கணக்கைப் போட்டுப் பாருங்க, சுகமா இருக்கும். ட்ரஸ் முனை 100 டன் அழுத்துதுன்னு வைங்க. அதைச் சமன்பண்ண வெளிக் கம்பி இழுக்க வேண்டியது 100 × 1.6 ÷ 6, அதாவது 27 டன்கூட இல்ல. தூணுக்கு ரெண்டும் சேர்ந்து 127 டன் போகும். ஆனா அது நேர் அழுத்தம் மட்டும்தான். பின் மேல கை சுழல முடியுறதால தூணை வளைக்கிற விசை அதுக்குள்ள போறதில்ல. அதனாலதான் 85 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்த் தூணே போதுமானதா இருக்கு.

இன்னொரு லாபமும் உண்டு. ரெண்டு பக்கமும் 1.6 மீட்டர் குறையுறதால ட்ரஸ் நீளம் 48 இல்ல, 44.8 மீட்டர். வெளிப்பக்கம் கிடைச்ச அந்த 6 மீட்டர் இடத்துலதான் மேற்கே எஸ்கலேட்டர், கிழக்கே குழாய்கள். புரியுதா? குழாயை வெளியே போட்டதுக்கு இடம் கொடுத்ததே இந்தக் கைதான்!

[திரையில்: வார்ப்பாலை வரைபடம்]

எல்லாம் சுபமா முடியல. ஜெர்மனியில வார்த்த முதல் கைகளைச் சோதனையில ஏத்தினாங்க, தாங்க வேண்டிய பாரம் வர்றதுக்கு முன்னாடியே உடைஞ்சுது. வலிமை போதாம இல்ல. விரிசல் பரவாம தடுக்கிற தன்மை போதல. வார்ப்பு எஃகுல இது பழைய தலைவலி: கண்ணுக்குத் தெரியாத சின்னக் குறை இருந்தா போதும், வளையாம படக்குனு உடையும். வார்த்து வெச்சதைத் தூக்கி எறியல, மறுபடி உலையில வெப்பப் பதம் கொடுத்துச் சரிபண்ணாங்க. அப்புறம் பெரிய பாகங்களை ராத்திரியில, பாரிஸ் தெருக்கள் காலியானப்புறம் வண்டியில கொண்டுவந்தாங்க.

தீப்பிடிச்சா? தூண் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நிக்குது, உள்ளே தண்ணி நிரப்பியிருக்கு. சூடு ஏறினா தண்ணி அதை வாங்கிக்கும். உள்ளே இருக்கிற ட்ரஸ்ஸுக்கு மட்டும் தீக்காப்பு உறை.

எந்தக் கலர் எதுக்குன்னு கேப்பீங்க: நீலம் காத்து, பச்சை தண்ணி, மஞ்சள் மின்சாரம், சிவப்பு ஆள் ஏறி இறங்குறது. கேட்டதுக்குச் சொல்லிட்டேன்.

இப்போ என் புகார். தூணில்லாத தளம் படத்துக்கு அழகு. ஆனா ஓவியம் மாட்ட சுவர் வேணுமே! திறந்து பத்து வருஷம்கூட ஆகல, 1985ல கே அவுலென்டிங்கிற இத்தாலியக் கட்டடக் கலைஞர் உள்ளே நிரந்தர அறைகளே கட்டிக் கொடுத்தாங்க. அதோட, சாதாரணக் கட்டடத்துல கூரைக்குள்ள பத்திரமா இருக்கிற குழாய் இங்கே வெயில்லயும் மழையிலயும் நிக்குது. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம் வேற. 1997லேர்ந்து 1999 கடைசி வரைக்கும் பெரிய பழுதுபார்ப்பு. 2025 செப்டம்பர்ல மறுபடி மொத்தமா மூடிட்டாங்க. முகப்புல இருக்கிற ஆஸ்பெஸ்டாஸை எடுக்கணும், மின்செலவைக் குறைக்கணும். 2030ல திறக்கிறதாத் திட்டம்.

உங்க ஊர்ல கண்காட்சி மையம் கட்டுறாங்கன்னா, அந்தத் திட்டத்துல தூண் இடைவெளி எத்தனை மீட்டர், டக்ட்டைப் பராமரிக்க ஆள் நடக்க வழி எங்கே? இது ரெண்டையும் தேடிப் பார்த்து கமெண்ட்ல போடுங்க. கண்டுபிடிக்க முடியலன்னா அதையும் போடுங்க.