இம்ப்ளான்ட்டின் கழுத்தில் முரசு

நேயர்களுக்கு வணக்கம்.

கண்டிக்கோ கொழும்புக்கோ போய் இம்ப்ளான்ட் பல் வைத்துக்கொண்டு ஊர் திரும்பியவரிடம் அக்கம்பக்கத்தார் முதலில் கேட்பது, "ஆடுதா?" என்றுதான். அவரும் விரலால் அசைத்துப் பார்த்துவிட்டு, "அசையவே மாட்டேங்குது" என்பார். இரண்டு பேருக்கும் திருப்தி. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. சொந்தப் பல்லுக்கு முரசு நோய், அதாவது ஈறு நோய், முற்றினால் பல் கொஞ்சம் கொஞ்சமாக ஆடத் தொடங்கும். நமக்கு ஓர் எச்சரிக்கை கிடைக்கும். இம்ப்ளான்ட்டைச் சுற்றிய எலும்பில் பாதி கரைந்துபோனாலும் மீதிப் பாதி அதை அசையவிடாது. அது ஆடுகிற நாளில், கழற்றி எடுப்பதைத் தவிர அநேகமாக வேறு வழி இருக்காது. ஆகவே கேளுங்கள்: "பல் துலக்கும்போது அந்த இடத்தில் இரத்தம் வருதா?"

படம் காட்ட வழியில்லை, வாயாலேயே சொல்கிறேன். எலும்புக்குள் ஒரு டைட்டேனியம் திருகு. அதன்மேல், முரசைத் துளைத்துக்கொண்டு வாய்க்குள் வரும் சின்னத் தூண். அதை அபட்மென்ட் என்போம். அது முரசைத் துளைக்கும் இடம்தான் இம்ப்ளான்ட்டின் கழுத்து. தூணின் மேல் பல் வடிவத்தில் கிரவுன். நம் உடம்பில் தோலையோ முரசையோ துளைத்துக்கொண்டு வெளியே நிற்கும் உறுப்பு பல் ஒன்றுதான். அந்த இடத்தை அடைத்து வைக்க இயற்கை நிறைய வேலை செய்திருக்கிறது. இம்ப்ளான்ட்டில் அதே வேலையை நாம் செய்விக்க வேண்டும்.

லயத்துக் கூரைக்குத் தகரம் அடித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஆணி மரத்தில் எவ்வளவு இறுகப் பிடித்திருந்தாலும், மழை ஒழுகுவது ஆணி தகரத்தைத் துளைத்த இடத்தில்தான். ஆணித் தலைக்குக் கீழே வைக்கும் வாஷர் சரியில்லை என்றால், காலப்போக்கில் மரமும் உளுத்துப்போகும். இங்கே வாஷர் என்பது முரசு.

நெடுங்காலம் எல்லோருடைய கவனமும் மரத்தின்மேல்தான், அதாவது எலும்பின்மேல்தான் இருந்தது. அதற்குக் காரணமும் உண்டு. சுவீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் 1952 இல் முயலின் கால் எலும்புக்குள் டைட்டேனியக் கருவி ஒன்றைப் பொருத்தி, இரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். பல்லுக்கும் அந்த ஆய்வுக்கும் சம்பந்தமே இல்லை. முடிந்ததும் கருவியைக் கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதோடு சேர்ந்து வளர்ந்திருந்தது. 1965 இல் யெஸ்டா லார்சன் என்பவருடைய கீழ்த்தாடையில் முதல் இம்ப்ளான்ட்கள் வைக்கப்பட்டன. 2006 இல் அவர் இறக்கும் வரை அவை அவருக்குப் பயன்பட்டன. அப்படியொரு வெற்றியைப் பார்த்த பிறகு யார் முரசைப் பற்றி யோசிப்பார்கள்?

சரி, முரசுக்கு வருவோம். சொந்தப் பல்லின் வேர்மேல் சிமெந்தம் என்ற மெல்லிய படை இருக்கிறது. முரசின் கொலாஜன் நார்கள் அதற்குள் குத்திட்டு நுழைந்து பிடித்துக்கொள்கின்றன. டைட்டேனியத்தில் அந்தப் படை இல்லை. நார்களுக்கு நுழைய இடமில்லாததால், தூணுக்குப் பக்கத்தில் சமாந்தரமாகவும் அதைச் சுற்றி வளையமாகவும் ஓடுகின்றன. நெருங்கி நிற்கின்றனவே தவிர, உள்ளே பிடிப்பில்லை. மேற்படைச் செல்கள் மட்டும் நுண்ணிய கொக்கிகளால் உலோகத்தில் ஒட்டுகின்றன. இரத்த ஓட்டமும் அங்கே குறைவு, ஏனென்றால் பல்லுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள நார்ப்படையும் அதன் இரத்தக் குழாய்களும் இம்ப்ளான்ட்டுக்கு இல்லை. கிருமி உள்ளே இறங்கினால் தடுக்க ஆள் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அடைப்பு உருவாக எலும்புக்கு மேலே ஏறத்தாழ 3 முதல் 4 மில்லிமீற்றர் உயரத்துக்கு முரசு வேண்டும். மேல் 2 மில்லிமீற்றர் செல்கள் ஒட்டுவதற்கு, அதற்குக் கீழே 1 முதல் 1.5 வரை நார்களுக்கு. முரசு மெல்லிசாக இருந்தால் உடம்பு சும்மா இருப்பதில்லை. எலும்பைக் கரைத்துக் கீழே இறக்கி, தனக்கு வேண்டிய உயரத்தை எடுத்துக்கொள்ளும். முதல் வருடத்தில் எலும்பு குறைந்ததற்குத் திருகைக் குறை சொல்பவர்கள், முதலில் முரசின் தடிப்பை அளந்தார்களா என்று பார்க்க வேண்டும்.

அளப்பது கஷ்டமே இல்லை. மரத்துப்போக ஊசி போட்ட பிறகு, ரப்பர் வளையம் மாட்டிய மெல்லிய ஊசியை எலும்பில் முட்டும் வரை குத்தி, வளையத்திலிருந்து நுனி வரை அளந்தால் போதும். 2 மில்லிமீற்றரோ அதற்குக் குறைவோ என்றால், திருகைச் சற்று ஆழமாக வைக்கலாம், அல்லது மேலண்ணத்திலிருந்து ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பில் இணைப்புத் திசு எடுத்து உள்ளே வைத்துத் தைக்கலாம். முதல் இரண்டு நாள் அந்த ஒட்டுத் துண்டுக்குச் சொந்த இரத்த ஓட்டம் கிடையாது, அடியிலிருந்து ஊறும் திரவத்தில்தான் பிழைக்கிறது. அதனால் துண்டுக்கும் அடியிலுள்ள திசுவுக்கும் நடுவே இரத்தம் தேங்கக் கூடாது, துண்டு அசையவும் கூடாது. டொக்டர் வைத்துத் தைத்தபின் சில நிமிடம் அழுத்திப் பிடிப்பது அதற்குத்தான். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் உதட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வெற்றிலை வாய்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பாக்குத் துகள் இம்ப்ளான்ட்டின் கழுத்தில் போய்ச் சிக்கும், புகையிலை ஆறுவதைக் கெடுக்கும். காயம் ஆறும் வரைக்குமாவது என்று நான் சொல்லப்போவதில்லை. இம்ப்ளான்ட் வேண்டுமென்றால் புகையிலையை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

அடுத்தது தூண். முரசு தொடும் பகுதி டைட்டேனியமாகவோ, சர்க்கோனியா என்ற வெள்ளைச் செராமிக்காகவோ இருக்கட்டும். தங்கக் கலவையிலும் போர்சலேனிலும் ஒட்டு அவ்வளவு நன்றாக அமைவதில்லை. மேற்பரப்பின் சொரசொரப்பு 0.2 மைக்ரோமீற்றர் அளவில் இருந்தால் போதும், அதற்கு மேலும் மினுக்கினாலும் கிருமிப் படிவு குறைவதில்லை. லேசரால் 8 மைக்ரோமீற்றர் அளவில் வரிவரியாகக் கீறிய தூண்களும் வந்திருக்கின்றன. அவற்றில் நார்கள் குத்திட்டுப் பிடிப்பதை நுண்காட்டியில் பார்த்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் முரசு இறங்கி அந்த வரிகள் வாய்க்குள் தெரிய ஆரம்பித்தால், அங்கேதான் அழுக்கு முதலில் சேரும். ஆய்வுகூடத்தில் கடைந்து வரும் தூணில் எண்ணெயும் உலோகத் தூளும் ஒட்டியிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவாமல் வாய்க்குள் வைத்தால் செல்கள் ஒட்டுவது அந்த அழுக்கின்மேல்தான்.

வைத்த தூணைத் திரும்பத் திரும்பக் கழற்றக் கூடாது. இதைச் சொல்லாமல் நான் எந்தப் பேச்சையும் முடிப்பதில்லை. அளவெடுக்க ஒரு தடவை, நிறம் பார்க்க ஒரு தடவை, கிரவுன் பொருத்த ஒரு தடவை என்று கழற்றுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒட்டியிருந்த செல்கள் கிழிகின்றன. காயம் ஆறுகிறது, ஆனால் ஒட்டு ஒரு படி கீழே இறங்கி ஆறுகிறது, அதோடு எலும்பும். முடிந்தவரை கடைசித் தூணை முதலிலேயே வைத்துவிட்டு, மற்ற வேலையை அதற்கு மேலே செய்ய வேண்டும்.

அதைவிடப் பெரிய தொல்லை சிமெந்து. வீடு கட்டும் சிமெந்து இல்லை, கிரவுனை ஒட்டும் பசை. கிரவுனை அழுத்தும்போது மிச்சப் பசை முரசுக்குள் இறங்கும். சொந்தப் பல்லில் நார்கள் அதைத் தடுக்கும், இங்கே தடுக்க ஆளில்லை. எண்டோஸ்கோப்பால் பார்த்து 2009 இல் வெளியான ஓர் ஆய்வில், நோய்ப்பட்ட இம்ப்ளான்ட்களில் 81 சதவீதத்தில் மிச்சப் பசை கிடந்தது. சிலருக்கு 4 மாதத்திலேயே நோய் வந்தது, சிலருக்கு 9 வருடம் கழித்து. பசையை எடுத்த பின் பெரும்பாலானோருக்கு அறிகுறி மறைந்துவிட்டது. சில பசைகள் எக்ஸ்ரேயில் தெரியவே மாட்டா. ஆகவே முடிந்தால் திருகால் பூட்டும் கிரவுன். ஒட்டத்தான் வேண்டுமென்றால், கிரவுனின் விளிம்பு முரசுக்குக் கீழே 1 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப் தெரியும்தானே? அதைக் கிரவுனுக்குள் விரித்து, சிலிக்கோனை நிரப்பினால் தூணின் நகல் ஒன்று கிடைக்கும். பசை பூசிய கிரவுனை முதலில் அந்த நகலில் அழுத்தி, பிதுங்கியதைத் துடைத்துவிட்டு, உடனே வாயில் வைக்க வேண்டும். உள்ளே மெல்லிய படலம் மட்டும்தான் மிஞ்சும். செலவு என்று ஒன்றுமில்லை, நகலோடு சேர்த்துச் சில நிமிட வேலை.

நேரம் ஆகிறது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். தூணின்மேல் லமினின் புரதத்தின் துண்டுகளைப் பூசிச் செல்களை ஒட்டவைக்கும் முயற்சிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். அவை இன்னும் ஆய்வுகூடத்தைப் பெரிதாகத் தாண்டவில்லை, விட்டுவிடுகிறேன். வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கம்பியின்மேல் பிளாஸ்டிக் உறை உள்ள இடைப்பல் பிரஷ்ஷால் தினமும் ஒரு தடவை இம்ப்ளான்ட்டின் கழுத்தைச் சுற்றித் துடையுங்கள். வெறும் கம்பி தெரியும் பிரஷ் வேண்டாம், தூணைக் கீறும். 6 மாதத்துக்கு ஒரு தடவை காட்டுங்கள். டொக்டர் மெல்லிய அளவுகோலை முரசுக்கும் தூணுக்கும் இடையில் 25 கிராம் அளவு அழுத்தத்தில் மெதுவாக விட்டுப் பார்ப்பார். இரத்தம் வந்தால், கிரவுன் பொருத்திய நாளில் எடுத்த எக்ஸ்ரேயோடு புதிய படத்தை ஒப்பிடச் சொல்லுங்கள். எலும்பு குறையவில்லை என்றால் அது முரசின் வீக்கம் மட்டும்தான், சுத்தம் செய்தால் அடங்கிவிடும். அந்த முதல் எக்ஸ்ரேயைக் கிளினிக்கில் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.