தகரப் பெட்டியில் ஒரு மருத்துவ நூல்

நேயர்களுக்கு வணக்கம்.

தொண்டிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில், பரணில் கிடந்த தகரப் பெட்டியை, பழைய நூல்களைப் படமெடுத்து வலையில் ஏற்றும் எங்களுக்காக இறக்கினார்கள். உள்ளே ‘இரண வைத்தியம்’, அதாவது அறுவை மருத்துவ நூல். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்துகொண்டு டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1867இல் தமிழில் கொண்டுவந்தது. அந்த வீட்டு முன்னோர் தோணியில் யாழ்ப்பாணம் போய்வந்தவர்களாம்.

கிறீன் அமெரிக்காவின் வூஸ்டர் நகரத்துக்காரர். 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் சொல்லிக்கொடுத்தவர், பிறகு தமிழுக்கே மாறினார். அறுபதுக்கும் மேற்பட்டவர்களை மருத்துவர்களாக்கினார். உடற்கூற்றுக்கு அங்காதிபாதம், உடலியங்கியலுக்குச் சுகரணம், வேதியியலுக்குக் கெமிஸ்தம் என்று அவர் நூல்களில் சொற்கள் நிற்கின்றன. அமெரிக்கா திரும்பிய பிறகும், 1884இல் இறக்கும்வரை இந்த நூல் வேலையை அவர் விடவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழும்.

சரி, பெட்டிக்கு வருவோம். உப்புக்காற்றில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ராமபாணப் பூச்சி துளைத்த வழி இருபது பக்கத்துக்கு நேராகப் போனது. ஓரத்தில் பென்சிலால், ‘கட்டு அவிழ்க்குமுன் வெந்நீர்’ என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். இதெல்லாம் தெரிய வேண்டும். அதனால்தான் படத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுக்கக் கூடாது என்கிறேன். வண்ணத்தில், ஓரம் முழுக்கத் தெரிய, வெற்றுப் பக்கத்தையும் விடாமல் எடுக்க வேண்டும். நூலை மட்டப்படுத்தி அமுக்கினால் முதுகு உடையும். மேலிருந்து கேமராவில் எடுப்பதே நல்லது.

படம் எடுப்பது பாதி வேலைதான். படத்திலுள்ள எழுத்தைக் கணினி படித்துத் தட்டச்சாக்க வேண்டும். ணை, லை, றா எழுத்துகளின், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்களில் அது தடுமாறுகிறது. உட்கார்ந்து திருத்த வேண்டும். இன்னொன்று: இன்றைய மாணவர் ‘அறுவை மருத்துவம்’ என்று தேடினால் இரண வைத்தியம் அகப்படாது. பட்டியலில் பழைய சொல்லும் புதிய சொல்லும் சேர்ந்தே இருக்க வேண்டும். இது இல்லாமல் வலையில் ஏற்றினால், பரணில் இருந்தது கணினிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

மண்டபம், தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் உங்கள் வீட்டிலும் இப்படி நூலோ கடிதமோ இருக்கலாம். ஈரமென்று வெயிலில் காயவைக்காதீர்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். நிழலில், துணியில் சுற்றி வையுங்கள். நூலை எங்களிடம் தரத் தேவையில்லை. நாங்களே கேமராவோடு வருகிறோம். தொண்டி வீட்டு அப்பத்தாவும் அப்படித்தான் சொன்னார்: “படம் நீ எடுத்துக்கப்பா, தாளை நான் திருப்புறேன்.” கடைசிப் பக்கம்வரை அவர்தான் திருப்பினார்.